கடவாய்ப் பல்லில் குடியேறிய எறும்புகள்

உப்பு விளைகிற ஊரில் மழைக்காக யாரும் பொங்கல் வைப்பதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மாதங்களில் தருவைப்பட்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள். பாத்தியில் தண்ணீர் இறுகி, வெள்ளை பூத்து, அதை வாரி, பெட்டியில் சுமந்து, மேட்டில் அம்பாரமாகக் குவித்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற வரைக்கும் ஒரு மேகமும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில், வெயில் நன்றாக ஏறியிருந்த ஒரு சித்திரை மாதத்தில், வடிவின் மகள் இசக்கியின் கடவாய்ப் பல்லில் எறும்புகள் குடியேறின.

வடிவு உப்புப் பெட்டி சுமக்கிறவள். அவள் புருஷன் பட்டுராசன் பாத்தியில் உப்பு வாருகிறவன். இசக்கி அவர்களுக்கு ஒரே பிள்ளை, பால்வாடிக்குப் போகிற வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளை உப்பளத்து ஓலைக்கொட்டகையில் தொட்டில் கட்டிப் போட்டிருப்பார்கள். அழாமல் தூங்குவதற்காகச் சீனி போட்ட பால் புட்டியை வாயில் வைத்துவிட்டு வடிவு வேலைக்குப் போவாள், பிள்ளையும் வெயில் சாயும் வரை அதைச் சப்பிக்கொண்டே கிடக்கும். அவளுடைய பால் பற்கள் முளைத்த சூட்டிலேயே சொத்தையாயின. கீழ்வரிசையில் இடது பக்கக் கடவாய்ப் பல்லில் மிளகு நுழைகிற அளவுக்குக் கறுப்பாய் ஒரு குழி விழுந்தது. வடிவு அதைப் பார்த்துக் கவலைப்பட்டபோதெல்லாம் யாராவது ஒருவர், "பால் பல்லுதான, தன்னால விழுந்துரும்" என்றார்கள். அவளும் அப்படியே நம்பினாள்.

முதல் நாள் காலையில் இசக்கி பல் விளக்கும்போது, வாயில் நுரையோடு சொன்னாள்.

"யம்மா, வாய்க்குள்ள யாரோ நடக்காவ."

வடிவு அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். கறுப்புக் குழிக்குள்ளிருந்து ஒரு பிள்ளையார் எறும்பு வெளியே வந்தது. கடிக்காத, சிறிய, கறுத்த எறும்பு. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றின் வாயிலும் நொய்யரிசி போல ஒரு வெள்ளை முட்டை. அவை உதட்டைக் கடந்து, கன்னத்தின் ஓரமாக இறங்கி, கழுத்து வழியாகத் தோளுக்கு வந்து, இசக்கி சாய்ந்திருந்த சுவரில் ஏறி, ஓட்டு இடுக்கில் போய் மறைந்தன. வடிவு பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னாள். பிறகு நேரமாகிவிட்டதென்று வேலைக்கு ஓடினாள். அன்று மத்தியானம், அந்தப் பருவத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மழை வந்து பாத்திகளைக் கழுவிவிட்டுப் போனது. வெயில் திரும்பியதும் எறும்புகள் வந்த வழியே இறங்கி, தோளேறி, கன்னமேறி, பழைய பல்லுக்குள் போய்ச் சேர்ந்தன.

எறும்பு முட்டை சுமந்து மேடேறினால் மழை வரும் என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அடுத்த தடவை எறும்புகள் வெளியே வந்ததும் பட்டுராசன் ஓட்டமாய் ஓடி உப்பள மேற்பார்வை பார்க்கிற துரைப்பாண்டி அண்ணாச்சியிடம் சொன்னான். அண்ணாச்சி சிரித்தார். சிரித்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அம்பாரத்தை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். அந்த ஒரு அம்பாரம்தான் அன்று மிஞ்சியது.

அதன் பிறகு ஊர் எறும்புகளைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமில்லை, உப்பு வாருகிற காலம். தினமும் விடிந்ததும் அண்ணாச்சி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இசக்கியின் முன்னால் குத்தவைத்து, "வாயைத் தொற தாயி" என்பார். எறும்புகள் குழிக்குள் சுகமாக இருந்தால் "வெயிலுதான்" என்று போனில் சொல்வார், அன்று ஊர் நிம்மதியாக உப்பு வாரும். அவருக்குப் பிறகு கருவாடு காயப்போடுகிறவர்கள் வந்தார்கள், வடகம் பிழிகிறவர்கள் வந்தார்கள், கல்யாணப் பந்தல் போட்டவர்கள் வந்தார்கள், கூரை பிரித்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பக்கத்து உப்பளத்துக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். டிவியில் வானிலை சொல்லும்போது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குலசாமி பெயரை வைத்த பிள்ளையாயிற்றே என்று கோயில் பூசாரி மஞ்சள் கயிறு கொண்டுவந்து மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனார். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. எறும்புகள் வேறு இடம் பார்த்துப் போய்விடக் கூடாதே என்று தேன்மிட்டாய், கருப்பட்டி மிட்டாய், மக்ரூன், பாகு வழிகிற சீரணி என்று ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். இசக்கி அதைச் சப்பி விழுங்குகிற வரை நின்று பார்த்துவிட்டு, நெற்றியைத் தடவிவிட்டுப் போனார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

நாளாக நாளாக, எதிரில் யார் குனிந்தாலும் இசக்கி வாயைத் திறந்தாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். இசக்கி ஓடிப்போய் அவர் முன்னால் நின்று வாயை ஆவென்று திறந்து காட்டினாள். அவர் மிரண்டுபோனதைப் பார்த்து வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் அரிசி களையும்போது, எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்கே உறுத்தியது.

வலி ஆனி மாதத்தில் தொடங்கியது. முதலில் இசக்கி வலது பக்கமாக மட்டும் மென்றாள். அப்புறம் சோற்றைத் தண்ணீரில் கரைத்து விழுங்கினாள். அப்புறம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பித்தளைத் தவலையின் குளிர்ச்சியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவு கிராம்பை நசுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பிச்சக்கனி, வடிவோடு பெட்டி சுமக்கிறவள், பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"கிராம்பு வாடைக்கு எறும்பு நிக்காது மதினி. கொஞ்சம் பொறுத்துப் பாரேன்."

"வலிக்குங்காளே பிச்சக்கனி."

"அதுக்கில்ல மதினி. நேத்துதான அம்புட்டு உப்பையும் வாரிக் குவிச்சிருக்கோம். நீயும்தான சுமந்த."

நானும்தானே சுமந்தேன் என்று வடிவுக்கும் தோன்றியது. கழுத்து நரம்பு புடைக்க, கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிய எரிய, அந்த அம்பாரத்தில் பாதியை அவளும்தான் சுமந்திருந்தாள். கிராம்பைத் திரும்பக் கொண்டுபோய் டப்பாவில் போட்டாள். ஆனால் மறுநாள் இசக்கியின் கன்னம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்ததைப் பார்த்ததும், யாரிடமும் சொல்லாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாஸ்லின் குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கிறவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சிறிய கண்ணாடிக் கரண்டியை இசக்கியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். ஒரு எறும்பு அந்தக் கண்ணாடி மேலே ஏறி நின்று அவரைப் பார்த்தது. அவர் அதைப் பஞ்சில் ஏற்றி மறுபடியும் குழிக்குள் இறக்கிவிட்டார்.

"எறும்பு இருக்கும்மா" என்றாள் வடிவு, திருட்டைச் சொல்லுகிறவள்போல.

"இருக்கட்டும். எறும்பால ஒண்ணும் ஆகல. அதுக்குக் கீழ சீழ் புடிச்சிருக்கு, அதுதான் விஷயம்." டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இந்தா பாருங்க, இது பால் பல்லு. இதோட வேருக்கு அடியில உருண்டையாத் தெரியுது பாத்தீங்களா? அது இனிமே மொளைக்கப்போற பல்லு. காலத்துக்கும் இருக்கப்போறது. மேல அழுகினா அதுக்கும் கெடுதல். சீழ் தாடைக்குக் கீழ இறங்கினா மூச்சுக்கே ஆபத்து."

"பால் பல்லு தன்னால விழுந்துரும்னு சொன்னாவளே."

"விழும். ஆனா இந்தப் பல்லு விழறதுக்கு இவளுக்குப் பத்து வயசு தாண்டணும். அதுவரைக்கும் இவ எதால மெல்லுவா?" டாக்டர் கோபப்படாமல்தான் கேட்டார். "மருந்து தர்றேன். வீக்கம் வத்தட்டும். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, உள்ள சுத்தம் பண்ணி, மருந்து வச்சு, மேல தொப்பி மாதிரி ஒரு கேப் போட்டுடலாம். பல்லைக் காப்பாத்திடலாம். மிட்டாயை மட்டும் நிறுத்துங்க."

"எறும்பு?"

"அதுக்கு எடம் இருக்காதும்மா."

வடிவு திரும்பி வருவதற்குள் அவள் எங்கே போனாள் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் உப்பு நிறுக்கிற கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் வடிவுக்கு இன்னும் பயமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள்.

"உன்னைய யாரும் தடுக்கலம்மா" என்றார் துரைப்பாண்டி அண்ணாச்சி. "ஆடி கழியட்டும்ங்கோம். மேட்டுல இருக்க உப்பு பூரா லாரி ஏறிரட்டும். அப்புறம் நீ எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போ, நானே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறேன். பால் பல்லுதான? பொறுத்தா என்ன?"

"பிள்ளை திங்க மாட்டேங்கா அண்ணாச்சி."

"மருந்து குடுத்திருக்காவல்லா? வலி நின்னுரும்."

வடிவு புருஷனைப் பார்த்தாள். பட்டுராசன் தரையில் சிதறிக் கிடந்த உப்புக் கல்லைக் கால் விரலால் நகர்த்திக்கொண்டிருந்தான். போன வருஷம் இதே மாதம் ஒரு மழையில் எல்லாம் கரைந்து, ஊரில் பாதிப்பேர் செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போனதும், அங்கிருந்து பிச்சக்கனியின் புருஷன் இன்னும் திரும்பாததும் அந்தக் கொட்டகையில் இருந்த எல்லோர் மனதிலும் இருந்தது. வடிவின் மனதிலும் இருந்தது. சரி என்று தலையை ஆட்டினாள். யாரும் அவளை மிரட்டவில்லை, அவளாகத்தான் ஆட்டினாள்.

மருந்தில் வீக்கம் வற்றியது. எறும்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஊர் சந்தோஷமாகக் கூடுதலாக இரண்டு பாத்தி வாரியது. டாக்டர் வரச்சொன்ன வாரம் வந்து, கடந்து போனது. வடிவு பெட்டி சுமக்கும்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்பதுபோலிருந்து நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். பால்வாடியின் பக்கமிருந்து பாட்டுச் சத்தம்தான் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்கே இடது பக்கமாக மெல்ல முடியவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த மிட்டாயை வாங்கி ஒளித்துவைத்தாள். ஆனால் அவர்கள் அவள் கண் மறைவில் பிள்ளையின் வாயிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி பாதியில் ஒரு காலை இசக்கி எழுந்திருக்கவில்லை. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. கன்னம் வீங்கி, தாடைக்குக் கீழே இறங்கி, இடது கண் பாதி மூடியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஓரமாக வழியவிட்டாள். வடிவு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினாள். பட்டுராசன் சட்டையைக் கூட மாட்டாமல் பின்னால் ஓடிவந்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். அன்று காலை எறும்பை யாரும் பார்க்கவில்லை, மேட்டில் உப்பு மூடாமல் கிடந்தது, கடல் பக்கம் லேசாக மூட்டம் போட்டிருந்தது.

அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வடிவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்கிடாத தாயி. ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

வடிவு வாயெடுத்துப் பேசுவதற்குள் இசக்கி அவர் குனிந்ததைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, வழக்கம்போல வாயைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் விரிந்தது, பல் திறக்கவில்லை. இன்னொரு தடவை முயன்றாள்; கண்ணில் தண்ணீர் கொட்டியது; தன்னிடம் கேட்டதைத் தர முடியாமல்போன பிள்ளை, தப்புச் செய்துவிட்டதுபோல அவர் முகத்தையே பார்த்தது.

அண்ணாச்சி எழுந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உப்பு ஏற்றப் போய்க்கொண்டிருந்த லாரியின் குறுக்கே போய்க் கையை விரித்து நின்று, டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"எறங்காத! வண்டியத் திருப்புல! ஆஸ்பத்திரிக்கு விடு!"

லாரியில் வடிவின் மடியில் இசக்கி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். வடிவு அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விரலில் மூச்சுப் படும். அடுத்த மூச்சு வரும் வரைக்கும் வடிவுக்கு மூச்சு வராது. பட்டுராசன், "நாந்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும், நாந்தான் சொல்லியிருக்கணும்" என்று லாரியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை காய்ச்சல் இறங்கி, தாடை கொஞ்சம் இளகியது. டாக்டர் ஜாஸ்லின் வடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உயிருக்குப் பயமில்ல. ஆனா பல்லைக் காப்பாத்த முடியாதும்மா. போன தடவை முடிஞ்சிருக்கும். இப்ப எடுத்துத்தான் ஆகணும்."

"கீழ இருக்க பல்லு?"

"அது மொளைச்சு வந்தாத்தான் தெரியும். நல்லாவும் வரலாம், கறையோடவும் வரலாம். எடம் மூடிடாம இருக்க அப்புறமா ஒரு கம்பி வளையம் வச்சுத் தர்றேன். அதுக்கு மேல காத்திருக்க வேண்டியதுதான்."

நாற்காலியைச் சாய்த்து, பல் ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் குறடைக் கையில் எடுத்தபோது எறும்புகள் வெளியே வரத் தொடங்கின. முட்டைகளோடு வந்தன. கூட்டம் கூட்டமாக, ஒரு சின்னப் பல்லுக்குள் இவ்வளவு பேர் எப்படி இருந்தார்கள் என்று கேட்கும்படியாக, உதட்டைக் கடந்து, மார்பில் விரித்த பச்சைத் துணியைக் கடந்து, நாற்காலிக் கையில் இறங்கி, ஜன்னல் விளிம்பில் ஏறின. நர்ஸ் பஞ்சுத் தட்டை அவற்றின் வழியிலிருந்து நகர்த்தி வைத்தாள். டாக்டர் குறடைப் பிடித்தபடி, கடைசி எறும்பு வரும் வரை காத்திருந்தார்.

"போயிட்டாவளா?" என்று இசக்கி குழறினாள்.

"எல்லாரும் போயிட்டாங்க. இப்ப நீ அம்மா கையைப் பிடிச்சுக்கோ."

பல் வந்தது. பஞ்சைக் கடிக்கச் சொன்னார்கள். இசக்கி அழவில்லை, வடிவுதான் அழுதாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். மூடாமல் கிடந்த அம்பாரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து வாய்க்காலில் ஓடுவது அவளுக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் விடிந்ததிலிருந்து அவள் வாசலில் நின்றாள். யாரும் வரவில்லை. செருப்புச் சத்தம் இல்லை, சைக்கிள் மணி இல்லை. உப்பில் பாதிக்கு மேல் போய்விட்டதென்று பட்டுராசன் சொல்லியிருந்தான். யார் முதலில் வந்து என்ன கேட்பார்கள் என்று அவள் மனதுக்குள் பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்தப் பதிலும் அவளுக்கே போதவில்லை.

வெயில் ஏறியபிறகு பிச்சக்கனி வந்தாள். கூடவே அவள் மகன், மூன்று வயது இருக்கும். அவள் வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, பையனை மடியில் சாய்த்து, அவன் வாயை விரலால் விலக்கிக் காட்டினாள். மேல்வரிசை முன்பற்கள் கரைந்து, காவிக் குச்சிகளாக நின்றன. எறும்பு எதுவும் இல்லை. வெறும் சொத்தை.

"ரொம்ப நாளா ஒரு மாதிரிதான் திங்கான் மதினி" என்றாள். "தினமும் காலையில உம் மக வாயைப் பாத்துட்டுப் போனேன். இவன் வாயை ஒரு நாளும் பாக்கல."

வடிவும் கீழே உட்கார்ந்து, பையனின் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

அன்று தெருவில் வீட்டுக்கு வீடு தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்து வெயிலில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். கறுப்புக் குழியில்லாத வாய் அபூர்வமாக இருந்தது. பிள்ளைகள் வலியைப் பழகி, ஒரு பக்கமாக மென்று, சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். கேட்டபோது, "இங்கயும் வலிக்கும்" என்று ஆளுக்கொரு பல்லைத் தொட்டுக் காட்டினார்கள். அண்ணாச்சி தன் பேத்தியின் வாயைப் பார்த்துவிட்டு உப்பளத்துக்குப் போனார். அங்கே நல்ல வெயிலிலேயே எல்லா அம்பாரத்தையும் மூடச் சொன்னார். இனிமேல் தினமும் வேலை முடிந்ததும் மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கூடுதல் வேலைதான். யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்த வாரம் டவுனுக்குப் போன காலைப் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மடிக்கு ஒரு பிள்ளை, சில மடிகளில் இரண்டு. இசக்கிக்குக் கம்பி வளையம் வைக்கிற நாள் அது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலியாகிப்போன இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் என்ன முளைக்கும், எப்படி முளைக்கும் என்று வடிவு அன்றைக்குள் எத்தனையோ தடவை நினைத்துவிட்டாள். கடல் பக்கம் மேகம் கறுத்துத் திரண்டு நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, வண்டியைக் கிளப்பாமல் திரும்பினார்.

"என்ன தங்கச்சி, மழை வருமா? பாப்பா என்ன சொல்லுதா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இசக்கியின் பக்கம் திரும்பினார்கள். வடிவு மேகத்தைப் பார்த்தாள். பிறகு மகளின் உதட்டோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"தெரியாதுண்ணே" என்றாள். "நீங்க வண்டிய எடுங்க."